சித்தி பரீதாவின் வலது கால்

ரொட்டி மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சித்தி பரீதா வான் வண்டியின் சாரதி இருக்கையில் ஏறி உட்காருகிறார். செருப்பைக் கீழேயே கழற்றி விட்டாயிற்று. இடது காலை மடித்து இருக்கையின் மேல் வைத்துக்கொள்கிறார். அதற்கு அங்கே வேலை இல்லை. வலது காலை நீட்டி, பெருவிரலால் பிரேக் பெடலைத் தேடித் தொட்டு, பிறகு முழுப் பாதத்தையும் அதன் மேல் வைக்கிறார். சாவி போடவில்லை, கண்ணாடியைத் திருப்பவில்லை, ஸ்டியரிங்கைத் தொடக்கூட இல்லை. காதில் கைபேசி.

"நீ சொல்லு மகள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டா?"

"அடி," என்று சில்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. பெடலை நாலைந்து தரம் அடிக்கிறார். "பிடி." கடைசி மிதியை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கிறார். பெடல் மெல்லக் கீழே இறங்குகிறது. பாதமும் கூடவே இறங்குகிறது. "விடு." விடுகிறார். கந்தளாயில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ரிஸ்லாவுக்கு, உம்மா தன்னோடு பேசிக்கொண்டே ஒரு வண்டியின் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டார் என்பது தெரியவே தெரியாது.

குரல் கொடுப்பவர் கணவர் தாஹிர். குறிஞ்சாக்கேணிக்காரர். உட்துறைமுக வீதிப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருக்கிறார். கொட்டகையின் ஓரத்தில் பரீதாவின் ரொட்டிக் கடை. சித்தி என்பது அவருடைய பெயரின் முற்பாதி. அவர் யாருக்கும் சித்தி இல்லை. அது விளங்காத நேவிப் பொடியன்மாரும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரும் "சித்தி, ஒரு பிளேன்டீ" என்று உறவு கொண்டாடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போது எல்லோருக்கும் சித்தியாகவே இருந்துவிட்டுப் போகிறார்.

பிரேக் வேலையில் பொறுமை கேட்பது, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதுதான். பெடலை மிதித்தால் ஒயில் குழாய் வழியே ஓடிப்போய்ச் சில்லைப் பிடிக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் மிதிக்கிற பலம் முழுவதும் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். சில்லு தன் பாட்டுக்கு உருளும். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லோடு இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகை ஸ்பனரால் திறப்பார். ஒயிலும் காற்றும் குமிழி குமிழியாகச் சேலைன் குழாய் வழியே ஒரு சோடாப் போத்தலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே வந்து குந்திக்கொள்ளும். மற்றக் கராஜ்களில் அகப்பட்ட யாரையாவது ஏற்றி மிதிக்கச் சொல்வார்கள். அந்த ஆளின் கவனம் கைபேசியில் இருக்கும். பரீதாவும் கைபேசியோடுதான் இருக்கிறார். ஆனால் அவருடைய காதும் காலும் வேறு வேறு ஆட்கள்.

அங்கே அடிக்கடி தேத்தண்ணி குடிக்கப் போகும் நான் ஒருமுறை அவரிடம் கேட்டேன், வாகனம் ஓட்டத் தெரியுமா என்று.

"எனக்கு நிப்பாட்டத் தெரியும், டீச்சர். ஓட்டுறது ஆருக்குத்தான் தெரியாது?"

அந்தக் காலைப் பற்றி நான் ஊரில் பரப்பிய கதைகள் சில உண்டு. அவர் கராஜில் ஒரு லொறியின் பெடலை மிதித்த நேரம், துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பலொன்று அப்படியே நின்றுவிட்டது. கப்பல் நின்றதை நானே பார்த்தேன். நங்கூரம் போட்டதாக மாலுமிகள் சொல்வார்கள். அது அவர்களுடைய கதை. இன்னொன்று, நம்முடைய நகரத்துக்குள்ளே திரியும் மான்கள் வீதியில் கண்டபடி பாய்வதாக எல்லோரும் குறை சொல்கிறார்களே, அதுவும் சரியில்லை. பரீதா மிதித்துக் கொடுத்த வண்டிகளுக்கு முன்னால் மட்டும்தான் அவை பாய்கின்றன. மற்ற வண்டி வந்தால் ஓரமாக நின்று வழிவிடும். நம்பாதவர்கள் கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பெடலின் றப்பரைப் பார்த்தே வாகனக்காரரின் குணத்தைச் சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், "இவர் பாதிக் காலாலதான் எல்லாம் செய்வார், கடனும் பாதிதான் குடுப்பார்." நடுவில் குழி விழுந்திருந்தால், "பக்கத்தில பொஞ்சாதி இருந்து நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு சொல்லியிருக்கா." என் காரின் றப்பர் புதிதுபோல இருப்பதைப் பார்த்து, "டீச்சர் நிக்கிறதே இல்லபோல," என்றார்.

வேலை முடிவில் அவர் ஒரு தீர்ப்புச் சொல்வார். பெடல் அடிவரை போனால் "மோர்". பாதியில் நின்று துள்ளினால் "பஞ்சு". அசையாமல் நின்றால் "கல்லு". கல்லு என்று சொல்லாமல் எந்த வண்டியும் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை. தாஹிர் தானாக மிதித்துப் பார்ப்பதில்லை. "அவ சொன்னாச் சரி," என்பார், கையைத் துடைத்துக்கொண்டே.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து இருந்தது. இருவரும் சண்டை பிடிப்பார்கள். சண்டை வந்தால் பேச்சு நிற்கும், தொழில் நிற்காது. அந்த நாட்களில் இருவருக்கும் நடுவே ஓடுவது மூன்றே சொற்கள்: அடி, பிடி, விடு. அதையும் தாஹிர் ஒருவர்தான் சொல்வார். தீர்ப்புக்குப் பதிலாகப் பரீதா ஸ்டியரிங்கில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் கல்லு என்று அர்த்தம். தேத்தண்ணி, சொல் எதுவும் இல்லாமல், திறந்து கிடக்கும் பொனட்டின் ஓரத்துக்கு வந்து சேரும்.

போன மாதச் சண்டைக்குக் காரணம் ஒரு கருவி.

"கொழும்பில மெசின் ஒண்டு வந்திரிக்காம், டீச்சர். காத்த அதுவே உறிஞ்சி எடுத்துருமாம். ஒராளே வேல செய்யலாமாம். மேல ஆளே தேவல்லயாம்." ரொட்டியைப் பலகையில் அவர் அறைந்த அறையில் என் கோப்பை ஒரு சாண் நகர்ந்தது.

"உங்கட முழங்கால் நோவுக்காகப் பார்த்திருப்பார்," என்றேன்.

"முழங்கால் என்ட. நோவும் என்ட. அவருக்கு என்ன வந்த? இனி அவரா வாயத் தொறந்து என்னட்ட ஒண்ட கேக்கும்வரைக்கும் நான் கதைக்கமாட்டன். மிதிக்கச் சொன்னா மிதிப்பன். அது தொழில்."

தாஹிரிடமும் விசாரித்தேன். ஸ்பனரைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ராவெல்லாம் காலப் புடிச்சிக்கிட்டு இரிக்கிறா. நான் பார்த்துக்கிட்டு இரிக்கவா? அதச் சொன்னது குத்தமாம். இனி ஒண்டும் கேக்கிறல்ல."

அந்த நிலைமையில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கஜந்தினியின் வான் வந்தது. சல்லியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நகரத்துக்கு ஏற்றிவரும் வெள்ளை வான். கஜந்தினி முப்பது வயதைத் தாண்டாதவர். தானே வாங்கித் தானே ஓட்டுகிறார். வழக்கமாக ஹோனை அடித்துக்கொண்டு வருபவர், அன்றைக்கு நடைவேகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிய பிறகும் ஒரு கை கதவிலேயே இருந்தது.

"தாஹிர் நானா, வெள்ளிக்கிழமை பிள்ளையளோட வரேக்க ஓர்ஸ்ஹில் இறக்கத்தில பெடல் அப்பிடியே உள்ள போயிட்டுது. ஹான்ட் பிரேக்கை இழுத்து ஒரு மாதிரி நிப்பாட்டினனான். பிள்ளையள் விளையாட்டெண்டு நினைச்சுச் சிரிக்குதுகள்."

"இரிங்க தங்கச்சி. பார்ப்பம்."

"நாளைக்குக் காலமை நான் ஓட வேணும். தாய்மாருக்குக் கதை போயிட்டுது. நாளைக்கு நான் வராட்டி வேற வானில ஏத்திவிடுவினம், பிறகு தரமாட்டினம். வந்து, திரும்பவும் அப்பிடி நடந்தால்..."

தாஹிர் முன் சில்லுகள் இரண்டையும் கழற்றினார். சில்லின் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் என்ற உறுப்பு இரண்டிலும் ஒயில் கசிந்திருந்தது. இரண்டையும் கழற்றிக் கழுவி, உள்ளே றப்பர் வளையம் மாற்றிப் பூட்ட வேண்டும். கழுவுவது பரீதாவின் வேலை. இடது பக்கத்துச் சாமானை நீலப் பிளாஸ்ரிக் பேசினிலும் வலது பக்கத்துச் சாமானைச் சிவப்பு பேசினிலும் வைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். ஏனென்றால் கலிப்பர்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பெற்றவளைத் தவிர மற்றவர்களுக்குக் குழப்பும்.

அன்றைக்கு அவர் இரண்டையும் கழுவி ஒரே பேசினில் போட்டுக் கொண்டுவந்து, தாஹிரின் முழங்காலுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

தாஹிர் பேசினைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். எது எந்தப் பக்கம் என்று கேட்டால் பேசியதாகிவிடும். பரீதா ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்காமல் சொன்னால் தோற்றதாகிவிடும். தாஹிர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, றப்பர் மாற்றி, பூட்டினார். பிறகு மற்றதை. இரண்டும் அழகாகப் பொருந்தின. நான் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

பரீதா ஏறி உட்கார்ந்தார். பின் சில்லுகள் முதலில். தூரத்துச் சில்லிலிருந்து கிட்டத்துச் சில்லுக்கு வருவதுதான் முறை. பிறகு முன் இடது, முன் வலது. அடி, பிடி, விடு. அடி, பிடி, விடு. குழாயில் ஒயில் தெளிவாக ஓடியது. ஒரு குமிழிகூட இல்லை. கஜந்தினி குனிந்து போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிடி," என்றார் தாஹிர் கடைசியாக. பரீதா பிடித்தார். நிப்பிளை இறுக்கிவிட்டு, "விடு. முடிஞ்சி," என்றார்.

பரீதா விடவில்லை.

"விடு."

ஸ்டியரிங்கில் தட்டும் இல்லை. பரீதா முன்கண்ணாடி வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ கப்பலுக்குத் தான் வழிகாட்ட வேண்டியிருப்பதுபோல.

"பரீதா ராத்தா, முடிஞ்சுதாம்," என்றார் கஜந்தினி.

"விடு, விடு, விடு," என்றார் தாஹிர். சண்டைக்காலத்துச் சொல் கையிருப்பு அவ்வளவுதான். முதலாவது விடு கட்டளை, இரண்டாவது கோபம், மூன்றாவது ஒரு மாதிரியாக இருந்தது. ஸ்பனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. கன்னத்தில் ஒயிலோடு எழுந்து வந்து, சாரதி ஜன்னலுக்குள் தலையை விட்டார். முகத்தில் கோபத்தைக் காணவில்லை.

"என்ன புள்ள? முழங்கால் புடிச்சிக்கிச்சா? எடுக்க ஏலாம இரிக்கா?"

சண்டை தொடங்கிய பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். பரீதா அவர் பக்கம் திரும்பினார்.

"முழங்காலுக்கு ஒண்டுமில்ல," என்றார். "இது பஞ்சு."

"ஒயில் தெளிவா வருதே."

"ஒயில் உங்களுக்குத் தெளிவு. என்ட காலுக்குப் பஞ்சு. பிள்ளைகள் ஏறுற வண்டி. நான் விட்டா நீங்க முடிஞ்சி எண்டு சாவியக் குடுத்திருவீங்க. நான் விடமாட்டன்."

ஓட்டிப் பார்க்கும்போது தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்திருக்கும். எந்த இறக்கத்தில் தெரிந்திருக்கும் என்பதுதான் கேள்வி. கஜந்தினி வானின் பக்கத்தில் ஒட்டியிருந்த 'பாடசாலைச் சேவை' என்ற எழுத்துகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தாஹிர் முன் சில்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். தொட்டுப் பார்த்தார். மற்றப் பக்கம் போனார். திரும்பி வந்தார். பிறகு நிலத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தே பார்த்தார்.

"பரீதா, இஞ்ச வா."

கலிப்பரில் நிப்பிள் மேல்பக்கமாக இருக்க வேண்டும். காற்று எப்போதும் மேலேதான் ஏறும். வாசல் மேலே இருந்தால்தான் அது வெளியே போகும். இங்கே வாசல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, இரண்டு சில்லிலும். வலது இடதாகவும் இடது வலதாகவும் பூட்டுப்பட்டிருந்தன. கீழ் வாசலால் தெளிந்த ஒயில் போய்க்கொண்டிருக்க, காற்று முழுவதும் மேலே, கூரைக்குள் புகுந்த பூனை மாதிரி, சத்தமில்லாமல் படுத்திருந்தது.

"எந்த பேசின்ல வெச்ச?"

"ஒண்டுல."

"ஏன் ஒண்டுல வெச்ச?"

"ஏன் கேக்கல்ல?"

தாஹிர் நிலத்திலிருந்து எழுந்து கன்னத்து மண்ணைத் தட்டினார்.

"பக்கம் மாறிட்டு, தங்கச்சி," என்றார் தாஹிர் கஜந்தினியிடம். "என்ட பிழ."

"என்ட பிழயும்தான்," என்றார் பரீதா.

"பூட்டினது நான். என்ட பிழ."

"கலந்து வெச்சது நான். எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கவா?"

"என்ட கராஜ்."

"என்ட பேசின்."

"சண்டையைப் பிறகு பிடியுங்கோ," என்றார் கஜந்தினி. "முதல்ல அதைக் கழட்டுங்கோ."

கழற்றினார்கள். பரீதா பக்கத்தில் குந்தியிருந்து இடது, வலது என்று பெயர் சொல்லிச் சொல்லிக் கையில் கொடுத்தார். கொடுத்த ஒவ்வொன்றையும் தாஹிர் "இது?" என்று தேவையில்லாமல் இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். கேட்கும் சந்தர்ப்பம் கிடைத்ததில் மனுஷனுக்கு அவ்வளவு ஆசை. பிறகு மீண்டும் அடி, பிடி. நிப்பிளைத் திறந்ததும் குழாயில் குமிழிகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. போத்தல் கொதித்தது. அன்றைக்கு வெளியேறிய காற்றில் துறைமுகத்துத் தோணிகளெல்லாம் ஒருமுறை ஆடி நின்றன. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"அந்த மெசின வாங்குங்க," என்றார் பரீதா பெடலை மிதித்துக்கொண்டே. "வாங்கி, இந்த நிப்பிள் மேலயா கீழயா எண்டு அதுட்டக் கேளுங்க."

"அது பதில் சொன்னாலும் இப்படிக் குத்திச் சொல்லாது. பிடி."

"பிடிச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்."

குமிழிகள் சிறுத்தன, அருகின, நின்றன. தாஹிர் விடு என்றார், பரீதா விட்டார். இன்னொரு தரம் மிதித்தார். பெடல் துள்ளாமல் நின்றது. அவர் உடம்பைக் கொஞ்சம் தூக்கி எடை முழுவதையும் அதில் போட்டார். அப்போதும் நின்றது.

"கல்லு," என்றார்.

கஜந்தினி ஏறி உட்கார்ந்து தானும் மிதித்துப் பார்த்தார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. வெள்ளிக்கிழமையிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பரீதா அவர் தலையைத் தடவிவிட்டு, கை ஒயில் கை என்பது நினைவு வந்து, தலைமயிரை முந்தானையால் துடைத்துவிட்டார்.

ஓட்டிப் பார்க்க நால்வருமாகப் போனோம். கஜந்தினிதான் ஓட்டுவேன் என்றார். "நாளைக்கு நான்தானே ஓட்டப்போறன்." பரீதாவைத் தன் பக்கத்தில் முன்னால் இருத்திக்கொண்டார். தாஹிரும் நானும் பின்னால், சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த ஒடுங்கிய இருக்கைகளில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தோம். ஓர்ஸ்ஹில் உச்சிக்குப் போய்த் திரும்பி இறக்கத்தில் விட்டார். வான் வேகம் பிடித்தது. கீழே உட்துறைமுகம் வெயிலில் தகரம்போலப் பளபளத்தது. கஜந்தினி வெள்ளிக்கிழமை பெடல் உள்ளே போன இடத்துக்கு வந்ததும் மிதித்தார்.

வான் நின்றது. இழுக்கவில்லை, வழுக்கவில்லை, மூக்கைக் குத்தவில்லை. நின்றது, அவ்வளவுதான்.

தாஹிரின் வலது கால், பெடல் எதுவும் இல்லாத பின்பக்கத் தரையை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். என் காலைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது.

"இன்னும் ஒருக்காப் பாப்பம்," என்றார் கஜந்தினி. அவர் குரலில் இப்போது விளையாட்டு வந்திருந்தது.

"பாருங்க, பாருங்க," என்ற பரீதா, கதவைத் திறந்து இறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வானைச் சுற்றி வந்து பின்கதவை இழுத்தார். உள்ளே இருக்கைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அவர் அவற்றையெல்லாம் தாண்டி வந்து, தாஹிரின் தோளைக் கையால் தள்ளி இடம் பிடித்து, இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கே போதாத அந்த இருக்கையில் அவரோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.